இலையின் மேல் வைத்த கை

என் மகனுக்கு ஏழு வயது. "போதும்மா" என்று அவன் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் பூட்டு தொங்குகிறது. சாவி என் தாலிச் சரட்டில்.

தின்னக் கொடுத்தே நான் அவனை இப்படி ஊத வைத்துவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். பூட்டைப் பார்த்தவர்கள் பட்டினி போடுகிறேன் என்கிறார்கள். இரண்டில் எதையாவது ஒன்றை முடிவு பண்ணித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருக்கும். மாடி வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் நின்று நேராகவே கேட்டார்.

"இன்னாம்மா, நாய்க்கு வெச்ச சோத்த உன் புள்ள அள்ளித் துன்னுகினு கீறான். பெத்த வயிறு எரியல உனுக்கு?"

எரியாமல் என்ன! அன்றைக்கு உலை வைக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

அதன் பிறகுதான் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மட்டும் என்னைத் திட்டவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கொழுப்புன்னா சும்மா கெடக்கற மூட்டைன்னு நினைக்கிறோம். அப்படி இல்லம்மா. கொழுப்பு செல் லெப்டின்னு ஒரு ஹார்மோனைத் தயார் பண்ணும். அதைக் குட்டிக் குட்டிப் பையில போட்டு, செல்லோட ஓரத்துக்குக் கொண்டுபோய் ரத்தத்துல விடும். அது மூளைக்குப் போய், உடம்புல சேமிப்பு இருக்கு, சாப்பிட்டது போதும்னு சொல்லும். உங்க பையனுக்கும் அது தயாராகுது. ஆனா சரியான வடிவத்துல மடியல. அதனால செல்லை விட்டு வெளிய வர முடியாம உள்ளயே மாட்டிக்குது. மூளைக்குச் சேதி போகல. மூளையப் பொறுத்தவரைக்கும் அவன் பட்டினி கெடக்கற குழந்தை."

"அப்போ அவனுக்குப் பசிக்கறது நிஜமா டாக்டர்?"

"நிஜம்தாம்மா. வயிறு முட்டச் சாப்பிட்டாலும் பசிக்கும்."

அந்த ஹார்மோனை ஊசியாகப் போடலாமாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அவரே எழுதிக் கேட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. அதுவரை அளந்துதான் சாப்பாடு, பூட்டும் இருக்கட்டும் என்றார். முன்பெல்லாம் பேராசை பிடித்தவனே என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் பூட்டுவேன். இப்போது பசியோடு நிற்கும் பிள்ளையின் கண் முன்னால் பூட்டுகிறேன். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, சத்தியமாக.

போன மாதம் வண்டலூரில் நாத்தனார் மகளின் கல்யாணம். பந்தி என்றாலே எனக்கு நடுக்கம். வரவில்லை என்றேன். "எத்தனை நாளைக்கு அவனை ஒளிச்சு வெப்ப?" என்றார் என் கணவர். போனோம்.

இலையில் அவனுக்கு வேண்டிய அளவு விழுந்ததும் தடுப்பதற்காக நான் கையைத் தயாராக வைத்திருந்தேன். அவன் சாப்பிட்டு முடித்தான். பரிமாறுகிறவர் சாத வாளியோடு திரும்ப வந்து, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம்?" என்று குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் இரண்டு கைகளையும் இலையின் மேல் விரித்து வைத்தான்.

"போதும்ணா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாட்டிக்கொண்டிருந்தது எப்படியோ வெளியே வந்துவிட்டதோ என்று பைத்தியம் மாதிரி நினைத்தேன். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் நின்ற நாத்தனார், "பாத்தீங்களா அண்ணி, புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் பேஜார் பண்ணிகினு கீறீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் என் மேல் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ம்மா, நான் கரெக்டா செஞ்சேனா?"

"என்னடா?"

"எல்லாரும் இலை மேல இப்படித்தான் கைய வெச்சாங்க. நானும் வெச்சேன். யாருமே சிரிக்கல." அப்புறம் என் காதருகே வந்து, "ரொம்பப் பசிக்குதும்மா" என்றான்.

என் கை தானாகவே கழுத்துச் சாவிக்குப் போனது. எதிரில் இருந்த என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாம்பரம் நெருங்கி எல்லோரும் இறங்க எழுந்தபோது அவன் என் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"போதும்னா எப்படிம்மா இருக்கும்?"