நேரலையில் கோங் அண்ணன்

சீனாவின் மலைநகரமான சோங்சிங்கின் படிக்கட்டுகளில் மூங்கில் கழியில் மூட்டை தொங்கவிட்டுச் சுமக்கும் எங்கள் கூட்டத்தில், கோங் அண்ணனைப் போல மனதுக்குள் கறுவுகிற ஆள் கிடையாது. யாங் என்கிற இளைஞன் கேட்காமல் கொள்ளாமல் அவர் மூச்சு வாங்குவதைக் கைப்பேசியில் பிடித்து, 'மகன் கைவிட்ட கிழவர்' என்று தன் இணைய நேரலையில் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டான். தொலைவில் ஷென்சென் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் போனில் அழுதான். "ஆபீஸ்ல என்னைக் காறித் துப்புறாங்கப்பா." தினமும் அப்பாவோடு பேசாமல் தூங்காத பிள்ளை அவன்.

மறுநாளும் யாங் வெட்கமில்லாமல் வந்து நின்றான்.

"தாத்தா, சிகரெட்டை அணைச்சிடுங்க. புகை தெரிஞ்சாலும் சட்டை இல்லாம இருந்தாலும் ஆப் கம்பெனிக்காரங்க நேரலையை வெட்டிடுவாங்க."

அண்ணன் சமர்த்தாக அணைத்தார், சட்டைப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"நெறைய பேர் என்னிக்குப்பா பாப்பாங்க?"

"ஞாயித்துக்கிழமை. உங்களைக் காட்டித்தான் ஆரஞ்சு விக்கப் போறேன்."

ஞாயிறு மத்தியானம் நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நிதானமாகச் சட்டையைக் கழற்றினார். இரண்டு சிகரெட்டுகளை ஒன்றாகப் பற்றவைத்து, கைப்பேசிக்கு முகத்தோடு முகம் வைத்துப் புகையை ஊதினார். நேரலை அறுந்தது. யாங்கின் சேனலை ஒரு மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள். நாங்கள் கழிகளைப் படியில் தட்டிச் சிரித்தோம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா தாத்தா?" என்றான் யாங், அழாத குறையாக.

அண்ணன் சட்டையை உதறி மாட்டிக்கொண்டார்.

"அப்போ, கேக்கணும்னு உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு."