டிவிக்காரரிடம் அத்தை படித்த வியாபாரம்

என் அத்தைக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். தொலைக்காட்சியில் காய் நறுக்கும் கருவி விற்றவர். அவருடைய வாய் ஒரு மாதிரி அசையும், தமிழ் வேறு மாதிரி வரும். எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் இலவச கலர் டிவி வந்த புதிதில், பகல் பதினொரு மணிக்குத் தவறாமல் வந்து அரை மணி நேரம் தக்காளியும் வெங்காயமுமாக நறுக்கித் தள்ளுவார்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் வீட்டுக்காரரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். அவளும் அம்மாவும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஒரே வேனில் போய்வந்தார்கள். தீபாவளி போனஸில் அத்தை அந்தக் கருவியைத் தபாலில் வரவழைத்தாள். மூன்றாம் நாள் ஒரு கேரட்டோடு மல்லுக்கட்டி அது உடைந்தது. அம்மா திட்டித் தீர்த்தாள். அத்தை உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான் சரியில்ல மதினி. ஆனா வித்தவன் கெட்டிக்காரன்" என்றாள்.

மறுவருடக் கோடையில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. இனி பட்டாசு மருந்துப் பொடி பக்கமே போகக்கூடாது என்று சாத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா இருக்க அவளுக்கும் பிடிக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்தார். அத்தை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. தலை பின்னிவிடுவது, கதை சொல்வது, அம்மாவிடமிருந்து காப்பாற்றுவது எல்லாம் அவள்தான்.

பட்டாசு வேலை பார்க்கிறவர்கள் கையில் வெள்ளியும் கறுப்புமாக ஒரு பூச்சு ஏறிவிடும். சோப்புக்கு அசையாது. அத்தை பூந்திக்கொட்டை, பாசிப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல், கல்லுப்பு எல்லாம் சேர்த்து அரைத்துக் கை கழுவ ஒரு பொடி செய்தாள். பொட்டலம் கட்டி, சாயங்காலம் வேன் வந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, "கைப்பொடி, கைப்பொடி" என்று கூவினாள். வேனிலிருந்து இறங்கியவர்கள் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரத்தில் நான்கு பொட்டலம் போனது. அதில் இரண்டு சும்மா கொடுத்தது.

பிறகுதான் அவள் டிவி முன்னால் உட்கார்ந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடவே. இந்த முறை கருவியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள். "பாத்தியா பிள்ள, எடுத்த எடுப்புல வெலய சொல்ல மாட்டேங்கான். மொதல்ல ஒரு பொம்பளைய அருவாமணையில கஷ்டப்படவிட்டுக் காட்டுதான். பொறவு செஞ்சு காட்டுதான். பொறவு வேற ஒருத்தியப் பேசவிடுதான். நான் என்ன செஞ்சேன்? பொட்டலத்தத் தூக்கிக் காட்டுனேன். பொட்டலம் யாருக்கு வேணும்?"

அந்த வேற ஒருத்தி நானாக இருப்பது என்று முடிவாயிற்று. என் கையில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசுவாள், பொடி போட்டுக் கழுவுவாள், நான் கையைத் தூக்கி "என்னால் நம்பவே முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அடுப்புக்கரி வெறும் தண்ணீரிலேயே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்துபோனது. "அந்தக் கூத்துல என்னைச் சேக்காதீக" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம். தொட்டியடியில் ஸ்டூல், அதன்மேல் பேசின். வேன் வந்து நின்றதும் அத்தை கூவவில்லை. "ஏத்தா, இந்தக் கையோட பிள்ளையத் தூக்குனா சட்டையெல்லாம் அப்புதுல்ல?" என்று பக்கத்தில் பேசுவது போல ஆரம்பித்தாள். நின்றார்கள். இருபது பேராவது இருக்கும். என் கரிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு அக்கா கேட்டாள்: "சின்னப் பிள்ள கையில ஏது மருந்து? எங்க கையக் கழுவிக் காட்டு, பாப்போம்."

அந்த வெள்ளைக்காரரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பெண் சிரித்தாள். இரண்டு பேர் நகரத் தொடங்கினார்கள்.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கையையும் பேசினுக்கு மேலே நீட்டினாள். "ம், கழுவு" என்றாள்.

அத்தை பொடியைப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் சாம்பல் நிறமானது. மறுபடியும் தேய்த்தாள். புறங்கை தெளிந்தது, உள்ளங்கையில் பாதி போனது. அத்தை என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டிய இடம் அது. அத்தனை நாள் பழகிய வசனம் எங்கோ போய்விட்டது. "நகத்துக்குள்ள அப்படியே இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. அத்தையும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவள் பேசியது டிவியில் யாரும் பேசாத பேச்சு. "பிள்ள சொல்றது நெசந்தான். ஒரு தடவையில போகாது. ஒரு வாரம் விடாம கழுவுனா போகும். நகத்துக்குள்ள போகாது, ஒட்ட வெட்டிக்கிடுங்க. அதுக்கு மேல எங்கிட்ட வித்தை இல்ல."

கேள்வி கேட்ட அக்காதான் முதல் பொட்டலம் வாங்கினாள். பேசினைக் கழுவி முடிப்பதற்குள் கூடை காலியாகிவிட்டது. அப்பா திருப்பூர்ப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். இன்று அத்தையின் பொடி சாத்தூரிலிருந்து காரியாபட்டி வரை கடைகளில் இருக்கிறது. அந்தக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் பேசி ஆர்டர் பிடிப்பது என் வேலை. முதலில் ஆளின் கஷ்டத்தைப் பேசு என்பது அந்த வெள்ளைக்காரர் தந்த பாடம். எது முடியாதோ அதையும் சொல்லிவிடு என்பது அந்தத் தொட்டியடியில் கிடைத்தது. என் வண்டி இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது. அத்தை, அம்மா என்று மூன்று பேருக்கும் நான் கடமைப்பட்டவள், வெள்ளைக்காரரையும் சேர்த்து.

ஆனால் அந்த வயதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. அம்மா ஒரு வாரம் விடாமல் அந்தப் பொடியில் கை கழுவினாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தட்டில் ரசஞ்சோறு பிசைந்து என் முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி வாயருகே நீட்டினாள். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அம்மா ஸ்பூனால்தான் ஊட்டியிருக்கிறாள். டவுன்காரர்கள் மாதிரி என்று வகுப்பில் அதைப் பெருமையடித்துக்கொள்வேன்.

"பத்து வயசுல யாராச்சும் ஊட்டுவாகளாம்மா?"

"பேசாம வாயத் தெற."

வயிறு நிறைந்த பிறகும் விடவில்லை. இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் மென்றபடி, ஸ்பூன் எங்கே தொலைந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.