இரண்டு அம்மாக்களும் ஒரு கணக்கு நோட்டும்

இங்கே பிள்ளையைப் பள்ளியில் விட வருகிறவர்களும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். ஜெர்மன்காரர்களைப் பற்றி இப்படிச் சொன்னால் நம்மூரில் யார் நம்புவார்கள்? அப்படிக் காலுறையோடு நின்றபோதுதான், 'கீட்டா' என்கிற அந்த மழலையர் பள்ளியின் ஆசிரியை ஒரு படப்புத்தகத்தை நீட்டினார். இரண்டு அம்மாக்களும் ஒரு சிறுமியும் பூனைக்குட்டி வாங்கப் போகிறார்கள். எங்கள் கதைதான்: நான், என் மனைவி ஹன்னா, நான் பெற்ற நிலா. பூனை மட்டும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'அச்சு: சிவகாசி, இந்தியா'. "உங்கள் ஊரா! அப்படியானால் அங்கே எல்லாக் குழந்தைகளும் இதைப் படிக்கிறார்கள்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "யா, யா" என்று தலையாட்டினேன். வேறு என்னத்தைச் சொல்ல? ஊரைப் பொறுத்தவரை ஹன்னா என் ரூம்மேட், நிலா அவள் பெற்ற பிள்ளை.

நம்மூரில் நோட்டுக்கு அட்டை போட யாரும் காக்கித்தாள் வாங்குவதில்லை. அச்சாபீஸில் வண்ணம் பிசகிய தாள் வீட்டுக்கு வந்துவிடும். என் வரலாற்று நோட்டில் சுவிஸ் மலை, அறிவியல் நோட்டில் காலண்டர் லட்சுமி. தினமும் ஜெபம் நடக்கிற வீடு. ஆனாலும் லட்சுமியை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாள் தாள்தானே.

போன ஜூனில் அண்ணன் மகள் ஜெனி வீடியோவில் தன் புது நோட்டுகளைக் காட்டினாள். கணக்கு நோட்டில் அந்தப் பூனைக்குட்டிப் புத்தகத்தின் அட்டைப்படம்!

"அத்தை, பாருங்க, அம்மாவும் சித்தியும் பாப்பாவக் கூட்டிட்டுப் போறாக!"

எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று முடியவில்லை. "சித்தி இல்ல கண்ணு, ரெண்டு பேருமே அம்மா."

பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பின்னாலிருந்து சிரித்தான். "தெரியும்மா. லோடு ஏத்தும்போதே பாத்தோம். ஃபாரின் ஆர்டரு, நமக்கென்ன?"

"அண்ணே, என் வீடும் அப்படித்தான். நிலா என் மக."

சிரிப்பு சட்டென்று நின்றது. அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்து அம்மாவே வீடியோவில் கூப்பிட்டாள். டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவள். அன்று வெயிலைப் பற்றியும் கோழிக்குழம்பைப் பற்றியும் பேசினாள். பின்னால் ஜெனி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டின் அட்டையைப் பிரித்து, படம் உள்ளே போய் வெள்ளை வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். லட்சுமிக்குக் கிடைத்த இடம்கூட எங்களுக்கு இல்லையா?

"கிறிஸ்மஸுக்கு வாம்மா. ஒன்னப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்றாள். என் மடியில் இருந்த நிலாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அது ஹன்னா புள்ளதான? சிநேகிதி புள்ளன்னா தாராளமாக் கூட்டிட்டு வா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அவள் கேட்கவில்லை, கெஞ்சினாள். அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன்.

இந்த வீட்டில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவள் நிலா ஒருத்திதான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மடியிலிருந்து இறங்கி, சமையலறையில் இருந்த ஹன்னாவிடம் போய் ஒட்டிக்கொண்டாள்.