ஜாய்சி எழுதிய ஆறாவது விதி

வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜாய்சிக்கு ஒன்பது வருஷமாக வேலை. கையில் அத்தனை நிதானம். வாய் திறந்தால் மட்டும் முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். எதிரே இருப்பவர்கள் இரக்கப்பட்டு மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பாதி நேரம் அது அவள் சொல்ல வந்ததாக இருக்காது. திருத்துவதற்கு இன்னொரு தடவை திக்க வேண்டுமே என்று பேசாமல் தலையாட்டிவிடுவாள். முப்பத்தோரு வயதுக்குள் அப்படித் தலையாட்டி ஒத்துக்கொண்ட பொய்கள் எத்தனையோ.

கூட வேலை பார்க்கும் மாதுரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சேரன்மகாதேவியிலிருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே மாதுரியின் அண்ணன் அபிஜித் ஒரு கதை விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, மந்திரமும் அரக்கர்களும் உள்ள நாட்டுக்குள் போக வேண்டும். அங்கே நடப்பதை அபிஜித் சொல்வான். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல, அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மேலப்பாளையத்தில் செல்போன் பழுதுபார்க்கும் ஹபீப் முகம்மதுவும் வந்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனுஷர்.

வலிமை, வேகம், அறிவு, பேச்சு என்று ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடை உருட்டினாள் ஜாய்சி. வலிமைக்கு ஆறு. பேச்சுக்குப் பதினேழு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இ-இதை மாத்திக்கிடலாமா?"

"ஒரு தடவை மாத்தலாம்" என்றான் அபிஜித். சுவரில் ஒட்டியிருந்த ஐந்து வீட்டு விதிகளில் அதுவும் ஒன்று.

"பதினேழை யாராவது விடுவாவளாம்மா?" என்றார் ஹபீப்.

அவள் யோசித்தாள். மாற்றவில்லை. மணப்பாட்டில் அப்பா கபிரியேல் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். அந்த நினைப்பில் ஒரு தோணிக்காரியை உருவாக்கிச் சுழலி என்று பேர் வைத்தாள்.

அடுத்த வாரம் ஆட்டத்தில் சுழலியின் தோணியைக் காவல் தலைவன் ஆற்றில் மறித்தான். பாத்திரம் பேசுவதை ஆட்டக்காரர் தன் வாயால் பேசிய பிறகுதான் பகடை என்பது இன்னொரு விதி. ஜாய்சி "தோ-தோ-" என்று தொடங்கினாள்.

"தோணியச் சோதிக்காண்டாம்னு சொல்லுதா!" என்று முடித்துவிட்டார் ஹபீப். காவல் தலைவனுக்குச் சந்தேகம் வந்து வீரர்கள் தோணிக்குள் குதித்தார்கள்.

தோணியில் ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்றல்லவா அவள் சொல்ல வந்தது? தனக்காக என்றால் தலையாட்டியிருப்பாள். சுழலிக்காக அது முடியவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்த ஐந்து விதிகளின் கீழே எழுதினாள்: 'ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது.'

அபிஜித் வாசித்தான். "சரி. மீறுனா அந்தச் சுற்றுல பகடை கிடையாது. இந்தக் காட்சிய மறுபடி முதல்லயிருந்து வச்சுக்கிடுவோம்."

"தப்புதாம்மா" என்றார் ஹபீப். "உதவின்னு நெனச்சு செஞ்சுட்டேன்."

மூன்று நிமிஷம் ஆயிற்று அவள் சொல்லி முடிக்க. ஹபீப் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகடை ஒன்பது காட்டியது. சுழலியின் பேச்சு எண்ணான பதினேழைத் தாண்டாததால் சொன்னது பலித்தது. காவல் தலைவன் வழிவிட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மாதுரி விடுப்பில் இருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு ரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. இதயம் எந்நேரமும் நின்றுவிடலாம். வழக்கமாகப் போனை வேறு யாரிடமாவது நீட்டிவிடுபவள், அன்று அந்த ரத்தத்தை அனுப்பிய டாக்டரைத் தானே கூப்பிட்டாள்.

"பொ-பொட்-"

"பொட்டலம் வரலையா? சாயங்காலம் விசாரிக்கேன்."

"இல்ல டாக்டர். வச்சிராதீங்க. நா-நான் சொல்லி முடிச்சிருதேன்."

மறுமுனை அடங்கியது. நோயாளி பலவேசம், பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பொழுது சாயும்போது டாக்டரே அழைத்தார். "பொழைச்சுக்கிட்டார்மா. நல்லவேளை, விடாமச் சொன்னீங்க."

திக்கல் இன்னும் இருக்கிறது. தினமும் ஜெபமாலை முடிந்ததும், தனக்கு நல்லது செய்தவர்களின் பேரை வாய்விட்டுச் சொல்வது அவள் பழக்கம். இப்போது அதில் விளையாட்டுத் தோழர்கள் மூன்று பேர் கூடியிருக்கிறார்கள். ஹபீப் முகம்மதுவைத்தான் முதலில் சொல்கிறாள். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.