லெஃப்ட் கார்னரில் நின்றவன்: விருத்தாசலத்தில் பூட்டிய ஒரு பள்ளிக்கூடம்

விருத்தாசலத்துக்கு யாரும் சும்மா ஊர் சுற்றப் போவதில்லை. கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் ஜங்ஷனில் ரயில் மாறுவார்கள். நான் போன ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடக்கிற ஒரு உயர்நிலைப்பள்ளியைப் பார்க்கப் போனேன். அதுவும் பாதி உண்மைதான். அங்கே என்னோடு பத்தாவது படித்த ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. முப்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட மன்னிப்பு அது.

கிளப்பிவிட்டது வாட்ஸ்அப். பழைய மாணவர் குழுவில் ஒருவர் பள்ளியின் கேட்டைப் படம் எடுத்துப் போட்டு, "இடிக்கப் போறாங்களாம்" என்று எழுதியிருந்தார். அடுத்த நிமிஷமே இன்னொருவர், "நம்ம கபடி ஹீரோ பாஸ்கர் எங்கப்பா?" என்று கேட்டார். பாஸ்கர் நான்தான். வழக்கம்போல இரண்டு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

விஷயத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் பத்தாவது படித்தபோது எங்கள் பள்ளி மாவட்ட கபடியில் கப் வாங்கியது. வாங்கிக் கொடுத்தது ஏழுமலை. லெஃப்ட் கார்னரில், அதாவது இடது ஓரத்தில் நின்று, ரைடு வருகிறவன் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். ஒன்பதாவதில் இரண்டு தடவை ஃபெயில் ஆனதால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. ஆனால் அவனை விட்டால் எங்களுக்கு டீமே இல்லை. எங்கள் பி.டி. சார் ஒரு வழி கண்டுபிடித்தார். வயது சரியாக இருக்கிற, விளையாடத் தெரியாத ஒருத்தன் பெயரில் படிவம் நிரப்பி, ஏழுமலையை இறக்குவது. அந்த விளையாடத் தெரியாத ஒருத்தன் நான்.

படிவத்தில் என் பெயர், என் பிறந்த தேதி, என் போட்டோ. ஆடுகளத்தில் ஏழுமலை. ஒரு வாரம் இதற்கு ஒத்திகை நடந்தது, நம்புங்கள். எல்லோரும் அவனை "பாஸ்கர்" என்று கூப்பிடுவார்கள், அவன் சட்டென்று திரும்ப வேண்டும். என் பெயர் காதில் விழுந்தால் நான் திரும்பவே கூடாது. அவன் இரண்டு நாளில் கற்றுக்கொண்டான். எனக்குத்தான் ஒரு வாரமும் போதவில்லை. அதனால் போட்டி அன்றைக்கு என்னைத் தண்ணீர்க் குடத்தோடு தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள்.

சான்றிதழ் என் பெயரில் வந்தது. அதைக் காட்டி காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் வாங்கினேன். அங்கே டீமில் ஆடச் சொன்னபோது முட்டியில் அடி என்று சொல்லி இரண்டு மாதம் நொண்டினேன். சில நாள் எந்தக் கால் என்பதே மறந்துபோகும். அந்தப் படிப்பு கொடுத்த வேலையில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். ஏழுமலை பத்தாவதோடு நின்று, பீங்கான் சூளை வேலைக்குப் போய்விட்டான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கிளாம்பாக்கத்தில் காலை 5.40-க்கு பஸ். டிக்கெட் 210 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். டீ பதினைந்து ரூபாய், கழனித்தண்ணி மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுபோவது புத்திசாலித்தனம். வழி முழுக்க ஏழுமலையிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். 10.25-க்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு வாக்கியம் கூட மிச்சமில்லை.

ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்ததும், "பிராது கட்டவா சார்? மணவாளநல்லூரா?" என்றார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. நமக்கு அநியாயம் செய்தவர் மேல் புகாரைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வரலாம். வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் அதற்காகவே வருகிறார்கள். என் மேல் யாரும் கட்டாமல் இருந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, செராமிக் பேட்டைப் பக்கம் இருக்கிற பழைய ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்றேன். மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய்.

"அது பூட்டி நாளாச்சே சார். அங்க இன்னா இருக்குது?"

"சும்மா பாக்கத்தான். அப்படியே சூளையில வேலை பாக்குற ஏழுமலைன்னு ஒருத்தர் வீடு தெரியுமா?"

"யாரு, கப்பு ஏழுமலயா?" அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பக்கம் ஒதுங்கியது. "டிஸ்ட்ரிக்ட்டு கப்பு நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு டீக்கடையில உக்காந்து கத வுடுவாரு சார். ஸ்கூலு போர்டுல அவரு பேரே கெடையாது. நானே போயி பாத்துட்டு வந்தேன். ரீலு அந்து போவும்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆட்டோக்காரர், அவரிடம் எனக்கு என்ன மானம் போகப் போகிறது? ஆனால் நான் "அப்படியா" என்றேன். அதோடு அவர் சிரிப்புக்கு மரியாதை செய்கிற மாதிரி லேசாகச் சிரிக்கவும் செய்தேன்.

பள்ளிக்கூடம். பீங்கான் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஆறாவது முதல் பத்தாவது வரை, இரண்டு வரிசை ஓட்டுக் கட்டடம். விளையாட இடம் என்றால் இரண்டு பட்டறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு நீளத் துண்டு, அவ்வளவுதான். ஒரு காலத்தில் கிரிக்கெட்டும் வாலிபாலும் இருந்ததாம். காயவைத்திருந்த ஜாடிகள் மேல் பந்து போய் விழுந்து பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வந்ததில், பந்து என்ற பேச்சே கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பந்தில்லாத ஆட்டம் கபடி. எங்கள் பள்ளியின் விளையாட்டு வரலாறு இவ்வளவுதான்.

ஆனால் அந்தத் துண்டு மண்ணில் நன்றாக ஆடினார்கள். கோடு போடச் சுண்ணாம்பு வாங்க மாட்டோம். பட்டறையில் தேய்ந்துபோய் எறிகிற பிளாஸ்டர் அச்சுகளை இடித்துப் பொடியாக்கிப் போடுவோம். ஆட்டத்துக்கு முன்னால் டீம் மொத்தமும் வரிசையாகக் குந்தி, மண்ணில் கிடக்கிற பீங்கான் சில்லுகளைக் கையால் பொறுக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் யாருடைய தொடையோ கிழியும். ஏழுமலை மட்டும் எல்லோரும் எழுந்த பிறகும் இன்னொரு தடவை தடவிப் பார்ப்பான். சுற்றுவட்டத்தில் வேன் வைத்து ஆள் பிடிக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் வந்த பிறகு இங்கே பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசியில் மூடிவிட்டார்கள். இப்போது வகுப்பறைகளில் யாரோ அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேட் பூட்டியிருந்தாலும் பின்பக்கச் சுவர் சரிந்திருக்கிறது, உள்ளே போகலாம். பாம்பு இருக்கும், செருப்பு போதாது, ஷூ போட்டுப் போங்கள். தலைமையாசிரியர் அறை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் அந்தப் பச்சைப் பலகை தெரிகிறது. மாவட்டக் கோப்பை, ஏழு பெயர். நாலாவது பெயர் என்னுடையது. பெயின்ட் கொஞ்சம் கூட மங்கவில்லை. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த ஆட்டோக்காரர், "பாத்தீங்களா சார், ஏழுமலன்னு எங்கயாச்சும் இருக்குதா?" என்றார். ஏழுமலை வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன்.

ஏழுமலை வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷம். வாசலில் வந்து நின்றவன் முதலில், "வாங்க, யாரு?" என்றான். அப்புறம் கண்ணைச் சுருக்கி, "டேய் பாஸ்கரு!" என்று கையைப் பிடித்தான். அடேயப்பா, என்ன பிடி! ஞாயிற்றுக்கிழமை சூளை வேலை இல்லையாம். "வூட்டுக்குள்ள வாடா, வெயில்ல நிக்காத." அவன் மனைவி, "வாங்கண்ணே, சாப்ட்டுதான் போவணும்" என்று அடுப்பங்கரைக்குப் போனார். கோழிக்குழம்பு கொதிக்கிற வாசனை.

மகள் வினோதினி, பதினொன்றாவது, உள்ளே இருந்து வந்தாள். முட்டியில் சிராய்ப்பு, கபடி ஜெர்சி. அவள் பள்ளி டீமில் ரைடர். ஏழுமலை என்னைக் காட்டி, "பாஸ்கர் அங்கிள்மா, எங்கூடப் படிச்சவன்" என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அப்பனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"நீங்கதானா அது? அந்த போர்டுல இருக்குறவங்க? நீங்க எந்த பொசிஷன் அங்கிள்?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருஷமாக இன்டர்வியூவில், ஆபீஸில், மாமனார் வீட்டில் சொல்லிச் சொல்லி ஊறிய வார்த்தை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது: "லெஃப்ட் கார்னர்."

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த பாயை எடுத்து விரித்தபடி, "ஆமா, நல்லா ஆடுவான்" என்றான்.

"அப்ப நீ எங்கப்பா ஆடுன?" என்று வினோதினி விடவில்லை.

"நானும் அவங்கூடத்தான் இருந்தேன்."

"இருந்தேன்னா? தண்ணி தூக்குனியா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அடுப்பங்கரையிலிருந்து அவன் மனைவியும் சிரித்தார். ஏழுமலையும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தேனே, பாவி! தண்ணீர்க் குடத்தை அவன் தலையில் வைத்துவிட்டு, அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவன் கோழிக்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஏழுமலை டீக்கடை நிறுத்தம் வரை கூட வந்தான். யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான் எனக்கு வாய் வந்தது. சான்றிதழ், காலேஜ் சீட், வேலை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிச்சிருடா என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்ற? எனக்குத் தெரியாதா? நான்தான ஆடுனேன்?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்றதுக்கா அவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறி வந்த? சீட்ட எடுத்துக்க, வேலய எடுத்துக்க, அதெல்லாம் நான் கேக்கல. எம்பொண்ணு கேட்டுதுல்ல, அங்க சொல்லியிருக்கலாமுல்ல?"

"வா, இப்பவே போய் சொல்லிடறேன்" என்றேன்.

"வுடு, பஸ்ஸு வந்துடும். போயிட்டு வா."

அவன் 'வுடு' என்றதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நூறடி திரும்பி நடக்க வேண்டியதுதான். நடக்கவில்லை. டவுன் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். 3.50-க்குச் சென்னை பஸ், ஜன்னல் சீட்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பஸ் போக வர 420 ரூபாய், ஆட்டோ நூறு, காத்திருக்க ஐம்பது. பழமலைநாதர் கோயில் பார்ப்பதானால் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பீங்கான் பொம்மை, ஜாடி வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கவும், பட்டறைகள் பெரும்பாலும் லீவு. பள்ளியை இடிப்பதற்குள் பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் போங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகிறவராக இருந்தால், யார் முன்னால் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறுங்கள். தனியாகக் கேட்பது நமக்குத்தான் சௌகரியம்.

வேலையை விடப் போகிறாயா என்று கேட்பீர்கள். மாட்டேன். வீட்டுக் கடன் இருக்கிறது, அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை. என்னால் முடிந்தது இதை எழுதுவது. எழுதி முடித்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஏழுமலையின் நம்பர் வாங்கி, அதற்கு அனுப்பினேன். வினோதினியும் படிக்க வேண்டும் என்று மேலே குறிப்பு வைத்தேன். நீல டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அங்கிள், வினோதினி பேசுறேன். படிச்சேன். அம்மாவுக்கும் படிச்சிக் காட்டுனேன். நேத்து அப்பாவ கிரவுண்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி லெஃப்ட் கார்னர்ல நிக்க வெச்சோம். நாலு ரைடு போனேன். நாலுலயும் கணுக்காலப் புடிச்சிட்டாரு, எழுந்திரிக்கவே வுடல. எங்க டீமு மொத்தமும் பாத்துச்சு." முடிந்துவிட்டது என்று நினைத்து போனைக் கீழே வைக்கப் போனேன். "நீங்க அனுப்புனதுல அப்பாவுக்கு முருகன்னு பேரு போட்டு வெச்சிருக்கீங்க. இதுலயும் வேற பேரா அங்கிள்?"

பயணக் கட்டுரையில் சந்திக்கிறவர்களின் பெயரை மாற்றிப் போடுவது என் பழக்கம். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று செய்வது. அதனால் இதிலும் மாற்றியிருந்தேன், என் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு இடமாகத் திருத்தினேன். அவன் பெயர் ஏழுமலை.