குளிர் அறைக்காரியின் கொதிப்பு

அந்தக் கிடங்கில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உறைந்த மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் அடுக்கியிருக்கும் பெரிய குளிர் அறைக்கு அவள்தான் பொறுப்பு. அதன் சாவி இருபது வருடமாக அவள் இடுப்பில். எந்தப் பெட்டி எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மற்றவர்கள் பல் கிட்டிப்போய் வெளியே ஓடிவரும் அறை அது. அவளுக்கோ பிறந்த வீடு மாதிரி.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பது தாண்டியதும் வியர்க்க ஆரம்பித்தது. அதுவும் எங்கே? உறைபனிக்குள்ளே! நெஞ்சில் குப்பென்று ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். தடித்த கோட்டுக்குள் தொப்பலாக நனைந்துவிடுவாள். மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, இது அதனால் வருவதுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஈரத்தோடு உள்ளே நின்றால் விறைத்துப்போவாள். உள்ளே கோட்டைக் கழற்றக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே வாசலுக்கு வந்து, கதவைப் பாதி திறந்து வைத்து, ஜிப்பை இறக்கிவிட்டு, பனிக்காற்று மேலே படும்படி நிற்பாள். அப்பாடா என்றிருக்கும்.

ஒருநாள் அப்படி நின்றது கொஞ்சம் நீண்டுவிட்டது. அபாய மணி அலறியது. வாசலோரம் இருந்த ஐஸ்கிரீம் பெட்டிகள் எல்லாம் குழைந்து குப்பைக்குப் போயின. மேனேஜர் ஓடிவந்து கேட்டதற்கு, "கதவு ரப்பர் போயிடுச்சு சார், சரியா மூட மாட்டேங்குது" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மெக்கானிக் வந்து ரப்பரைத் தடவிப் பார்த்தார், கதவை நாலைந்து முறை சாத்திப் பார்த்தார். "ரப்பர் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. "எதையோ மறைக்கிறீங்க அக்கா. அடுத்த பெரிய லோடு வரப்போகுது. அன்னிக்கும் கதவு இப்படித் திறந்து கிடந்தா, சாவியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க லேபிள் ஒட்டுற மேசைக்குப் போயிடுங்க."

லேபிள் மேசையா? அந்த அறையையே ஆண்டவள் பசைக் குப்பியோடு உட்காருவதா? அவளுக்குச் சுருக்கென்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ரப்பர்னு சொன்னது பொய் சார். எனக்கு மாதவிலக்கு நின்னு போச்சு. உடம்பு திடீர் திடீர்னு கொதிக்குது. வைத்தியம் பார்த்துக்கறேன். லோடு வரட்டும், அன்னிக்குப் பாருங்க."

மேனேஜர் கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "சரிங்கக்கா" என்றார்.

வீட்டில் ஹார்மோன் மருந்து எடுக்கலாமா என்று பேச்சை எடுத்ததும் நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா, பிடித்துக்கொண்டாள். "ஹார்மோன் மருந்தா? புற்றுநோய் வந்துடும்டி! நாங்கல்லாம் இதைத் தாண்டி வரல? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, தன்னால போயிடும்."

"எத்தனை வருஷம் அண்ணி கடிக்கிறது? பல்லே தேஞ்சு போச்சு."

அவளுக்காக ராத்திரி முழுக்க முழு வேகத்தில் ஃபேன் சுற்றும் வீட்டில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற புருஷன், இங்கே மட்டும் அக்காவின் பக்கம் சேரவில்லை. "டாக்டரைப் போய்க் கேட்டுட்டு வா. உனக்காக இல்லேன்னாலும் எனக்காகப் போ, தாயே!" என்றார்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், துருவித் துருவிக் கேட்டார். ரத்தக்கட்டு வந்ததுண்டா, குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் உண்டா, மாதவிலக்கு நின்றபிறகு ரத்தப்போக்கு உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னவள், தன் கேள்வியையும் நேராகப் போட்டாள். "ஹார்மோன் மருந்து எடுத்தா புற்றுநோய் வருமா டாக்டர்?"

"ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா. மார்புப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். ரொம்ப வருஷம் எடுத்தா இன்னும் கூடும். ஆனா உங்க வயசுக்கும் உங்க உடம்புக்கும் இதனால நல்லதுதான் அதிகம்னு நினைக்கிறேன். தோல்ல ஒட்டுற ஹார்மோன் பட்டை தர்றேன், வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும். கர்ப்பப்பையைக் காப்பாத்த கூடவே ஒரு மாத்திரை. வருஷா வருஷம் வந்து காட்டணும். முடிவு உங்களோடது."

"குடுங்க டாக்டர்" என்றாள். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பேருந்தில் போகும்போதே யோசித்து முடித்திருந்தாள்.

இங்கேதான் நம் ஐஸ் அக்கா ஒரு காரியம் செய்தாள். ஊரில் வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டுமா, உறைய வை: அவளுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். பட்டைப் பெட்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோய், பட்டாணி மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்! எடுத்து ஒட்டினால் ஓரம் பெயர்ந்தது, கோட்டை மாட்டினால் கழன்று விழுந்தது. மேலே டேப் போட்டுப் பார்த்தாள். கொதிப்பு இம்மியும் குறையவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்றாள் நாத்தனார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் அக்கா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேவிட்டாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, மருந்துக்கடைக்குச் சண்டை போடக் கிளம்பினாள்.

"என்னய்யா பட்டை குடுத்தே? ஒட்டவே மாட்டேங்குது!"

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஃப்ரீசர்ல. வேற எங்க வைப்பாங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "அக்கா, இது மீன் இல்லக்கா! வீட்டு அலமாரியில சும்மா வெச்சா போதும். உறைஞ்சது இனி ஆகாது, தூரப் போட்டுடுங்க. புதுசைப் பாவாடை நாடா உரசாத இடமாப் பார்த்து, அடிவயித்துல ஈரமில்லாம ஒட்டுங்க." கோபமாகப் போனவள் தானும் சிரித்துவிட்டுப் புதுப் பெட்டியோடு திரும்பினாள்.

புதுப் பட்டை பிடித்துக்கொண்டது. முதலில் மார்பு வலித்தது, லேசாக ரத்தம்கூடப் பட்டது. டாக்டரம்மாவைக் கேட்டாள். "ஆரம்பத்துல இப்படி இருக்கும்மா, நிக்காம போனா உடனே வாங்க" என்றார். நின்றது. வாரங்கள் போகப் போக, ஓயாமல் வந்த கொதிப்பு எப்போதாவது வந்தது.

லோடு வந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் குளிர் அறைக் கதவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜிப்பை ஏற்றிக்கொண்டு ஐஸ் அக்கா உள்ளே போனாள். ஆட்கள் பெட்டியைத் தள்ளிவிட, அவள் அடுக்கினாள். இதோ கிளம்பப்போகிறது, இதோ குப்பென்று ஏறப்போகிறது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஜிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாதி லோடுதான் இறங்கியிருக்கும். கையில் என்னவோ செய்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

மேனேஜருக்கு முகம் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, மனசே இல்லாமல் சாவிக்குக் கையை நீட்டினார். "என்னக்கா, திரும்பவுமா?"

"குளிருது சார்" என்றாள். உதடு நடுங்கியது, கண்ணில் மளமளவென்று நீர். "எனக்குக் குளிருது சார்! ரெண்டு வருஷமா கையுறையே தேவைப்படல. இப்ப விரலெல்லாம் மரத்துப்போச்சு!"

அவர் நீட்டிய கையால் ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கதவைச் சாத்துங்கப்பா, ஐஸ்கிரீம் உருகுது!" என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள்.