ராஜிநாமா என்று நான் எழுதிய தாள்

நாற்பதுகளில் செஞ்சியிலிருந்து காலேஜுக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வருஷத்தில் மூன்றே பேர். நான் பத்திரம் எழுதுகிறவர் மகன். ஒருவன் கடைத்தெரு நெல் மண்டிக்காரர் மகன். இன்னொருவன் தொண்டூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்தவன்; அவன் நைனா கூலி வேலை செய்தவர். விடுதியில் இலவசமாக இடமும் சாப்பாடும் கிடைத்ததால்தான் அவன் படித்தான். இடம் போனால் படிப்பும் போச்சு.

சண்டை தண்ணீர்ப் பானையால் வந்தது. தொண்டூர்க்காரன் மொண்டு குடித்த பானையை மண்டிக்காரர் மகன் எல்லோரும் பார்க்கக் கவிழ்த்துக் கொட்டினான். இவன் அதே பானையைத் தூக்கி அவன் காலடியில் போட்டு உடைத்தான். பிறகு கைகலப்பு. லீவு முடிந்து வரும்போது இருவரும் சமாதானமானதாக எழுதிக் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார் வார்டன்.

சமாதானம் பேச நான் கிளம்பினேன். பெரிய மனுஷன் வேஷம் யாருக்குத்தான் கசக்கும்? இருவரையும் செட்டிக்குளக் கரைக்கு வரச் சொன்னேன். மண்டிக்காரர் மகன் மேல்படியில் நின்றான், இவன் கீழ்ப்படியில். அவர்களைப் பேசவிட்டிருக்க வேண்டும். நான்தான் பேசினேன். பானையை ஏன் கவிழ்த்தாய் என்று மண்டிக்காரர் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். ஒரே தாளில் இவன் பெயரோடு தன் பெயர் வரக்கூடாது என்றான். அதற்கும் தலையாட்டினேன்.

ஆளுக்கொரு தாள் எழுதினேன், அப்பாவின் பத்திர நடையில். தலைப்பு ‘ராஜிநாமா’. முனிசீப் கோர்ட்டில் வழக்காடியவர்கள் ராஜியாகி எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். கடைசி வரியும் அப்பாவுடையதே: ‘மேற்படி விடுதி விவகாரத்தில் இனி எனக்கு யாதொரு வழக்கும் பாத்தியமும் இல்லை.’

காலேஜில் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிடுகிற தொண்டூர்க்காரன் ஊருக்குள் வந்தால் ‘ங்க’ போடுவான். அன்றும் அப்படித்தான் கேட்டான்.

“ராஜிநாமான்னா மந்திரிங்க வேலைய வுட்டுட்டுப் போறப்ப எழுதறது இல்லீங்களா?”

“பேப்பர் படிச்சிட்டு வந்து எனக்கே பாடம் நடத்தறியா? கோர்ட்டுல சமாதானத்துக்கு அதான்டா பேரு. போடு கையெழுத்த.”

போட்டான்.

மண்டிக்காரர் மகன் தன் தாளைக் கொடுக்கவே இல்லை. அவன் அப்பா நேரில் வந்து வார்டனைப் பார்த்தார், அதோடு சரி. இவன் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாள் அதன் அடியில் சிவப்பு மையில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். இடம் போய்விட்டது. நான் ஓடிப்போய் வார்டனிடம் அர்த்தம் சொன்னேன். “எழுதியிருக்கறதத்தானே தம்பி நான் படிக்க முடியும்?” என்றார். அந்த ஆளுக்கு அர்த்தம் நன்றாகவே தெரியும் என்று இன்றும் நினைக்கிறேன். நினைத்து என்ன? வார்த்தையைக் கையில் கொடுத்தவன் நான்.

அடுத்த லீவில் அவன் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். மடித்து மடித்து நைந்துபோன தாளை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

“எம் புள்ள இன்னா எழுதிக் குடுத்துட்டு வந்தான்னு படிச்சி சொல்லு சாமி. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான்.”

எடுத்துப் படித்தேன். ‘பாத்தியமும் இல்லை’ என்ற இடம் வந்தது. உள்ளே பத்திரம் எழுதிக்கொண்டிருந்த அப்பாவின் பேனாச் சத்தம் நின்றது. தன் வரி அவருக்குத் தெரியாதா?

“எம் புள்ள இப்பிடிலாம் பேச மாட்டான். இது யாரு வார்த்த சாமி?”

“கோர்ட்டு வார்த்தை” என்றேன். என்னுடையது என்று சொல்லவில்லை.

அவர் தாளுக்குக் கை நீட்டினார்.

“கோர்ட்டு வரைக்கும் பூட்டானா” என்று சொல்லிக்கொண்டே தாளை வாங்கி இடுப்பில் செருகினார். நான் அதையும் திருத்தவில்லை.